மான் வேட்டைக்கு சீசன் எப்போ மேடம்?

வனக்காப்பாளர் வேலை என்றால் புலியோடு பழகுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நாள் முழுக்க ‘கூடாது’ என்று சொல்கிற வேலை.

ரேஷன் கடையிலும் பேங்க் கவுன்டரிலும் உட்கார்ந்து ‘இல்லை’ சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். செல்போனில் கேமரா இருந்தால் தெருவே திரும்பிப் பார்த்த காலம் அது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைக்க, விருதுநகர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் வளர்ந்த நான் அஞ்செட்டிக் காட்டுக்குக் காவலாக வந்து சேர்ந்தேன். சட்டம் சின்னதுதான். ஒரு காலத்தில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது லைசென்ஸும் கிடையாது, சீசனும் கிடையாது. இந்த ஒரு வரியைப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கம்பெனி விருந்தாளி

ஒருநாள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, டை கட்டிய தம்பி ஒருவர் ஆபீசுக்கு வந்தார். ஓசூரில் பெரிய கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் இன்ஜினியருக்கு ஞாயிற்றுக்கிழமை மான் வேட்டைக்கு ஏற்பாடு செய்ய வேண்டுமாம். “சீசன் எப்போ மேடம்? ஃபீஸ் எவ்வளவு?” என்று குற்றாலத்துக்கு ரூம் போடுகிறவர் மாதிரி கேட்டார்.

அந்த நாட்டு முறையை அவர் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்தேன். அங்கே மாநிலத்துக்கு ஒரு விதிப் புத்தகமாம். வில்லுக்கு ஒரு மாதம், துப்பாக்கிக்கு ஒரு மாதம், கொம்பு உள்ளதற்கு ஒரு கணக்கு, இல்லாததற்கு ஒரு கணக்கு. சுட்டவுடன் மானின் காதில் சீட்டுக் கட்டி ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம். செத்த மானுக்குக்கூட இவ்வளவு மரியாதையா என்று அசந்துபோனேன். அப்புறம் நம்ம ஊர் விதியைச் சொன்னேன். கேட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்.

“மேடம், ‘கூடாது’ன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திடுங்க. நான் வாயால சொன்னா, முயற்சி பத்தலைன்னு அப்ரைசல்ல போட்டுருவாங்க.”

எந்த மாநிலத்து மான்?

நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு சின்ன ஊர். மாதப்பன் அங்கே ராகி போடுகிறவர், ஊர்க் கோயிலுக்குப் பூசாரியும் அவர்தான். ராத்திரியில் மான் கூட்டம் இறங்கிக் கதிரைத் தின்றுவிட்டுப் போகிறது என்று ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒருநாள் புதுச் சந்தேகம் ஒன்றோடு வந்தார். மான்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகாவிலிருந்து வருகின்றனவாம். அந்தப் பக்கத்து மானுக்கு இந்தப் பக்கத்து விதி எப்படிச் செல்லும் என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதி கதிர் போன மனுஷன் முன்னால் எப்படிச் சிரிப்பது? இது டெல்லியில் போட்ட சட்டம், இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான் என்றேன்.

“அப்ப டெல்லியில இருந்தே யாராச்சும் வந்து ராத்திரிக்கு என் ராகிக்குக் காவல் படுக்கட்டுங்க.”

மிச்சம் இருந்த ஒன்று

மாதப்பன் ஊரில் யுகாதி கழிந்ததும் சாமிக்கு வேட்டை உண்டு. வேட்டை முடியாமல் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். எப்போதும் முயல், பன்றி என்று போய் வருவார்கள். அந்த வருஷம் ராகி போன கோபத்தில், மானைத்தான் அடிப்பது என்று ஊரே பேசி வைத்திருந்தது. ரேஞ்சர் என்னை அனுப்பினார்.

கோயில் முன்னால் கூட்டம். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து கத்தினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: மானோ முயலோ பன்றியோ, எது செத்தாலும் கேஸ், கேஸ் வந்தால் ஜெயில். ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் ஓசூரில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார்கள். மாதப்பன் மகன் சுரேசுக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகும் பேச்சு. கேஸ் என்றால் அந்த வேலை போச்சு. கூட்டம் அடங்கியது. ஆனால் வேட்டை இல்லாமல் நிலத்தில் எப்படி இறங்குவது? பூசாரி சொன்னால்தான் ஏர் இறங்கும். எல்லோரும் மாதப்பனையே பார்த்தார்கள்.

அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வலை? கூடாது. ஈட்டி? கூடாது. நாய்? கூடவே கூடாது. சும்மா தப்பட்டை அடிச்சு விரட்டினா? விரட்டினாலே சட்டத்தில் அது வேட்டைதான். ரிசர்வ் காட்டுக்குள்ள போனா? கூடாது. எங்க நிலத்துல உக்காந்து பாத்தா? நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். பார்ப்பதைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றேன்.

மாதப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். “அதையாச்சும் எங்களுக்குன்னு விட்டு வச்சிருக்காங்களே, பெரிய மனசுங்க.”

வேட்டை நாள்

விடியும் நேரத்துக்கு ஊரே வெறுங்கையோடு காட்டோர நிலத்தில் வந்து உட்கார்ந்தது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், லீவு போட்டு வந்த கம்பெனிப் பையன்கள். எதிரே மாடு தண்ணி குடிக்கிற குட்டை. யாராவது ஒருத்தன் கல்லை எடுத்தால் போதும், கதை கந்தல். நாய் கூடாது என்று மனுஷர்களுக்குச் சொன்னேனே தவிர நாய்க்குச் சொல்லவில்லை. ஒன்று பின்னாலேயே வந்துவிட்டது. ஒரு அம்மா அதன் வாயை முந்தானையால் பொத்தி மடியில் அமுக்கிக்கொண்டார்.

முதலில் ஒரு பெட்டை மான் வந்தது. நின்றது. காதை மட்டும் திருப்பியது. அதன் பின்னால் குட்டிகள், பிறகு கூட்டம், கடைசியாகக் கொம்பைத் தூக்கிக்கொண்டு கிடா மான். புள்ளிகள் மேல் வெயில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனையோ மான் பார்த்தவள்தான் நான். ஆனால் ஒரு ஊரே மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க, மான் தண்ணீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். சுரேசு என் காதருகே வந்து, “இதுவா எங்க ராகியத் தின்னுச்சு?” என்றான். காலடித் தடமும் புழுக்கையும் பார்த்துப் பழகியவன், மானை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், அதில் என்ன வெட்கம்?

கிடா தலையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. யாரும் அசையவில்லை. பிறகு கூட்டத்தோடு நிதானமாகத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. மாதப்பன் எழுந்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது. தேங்காயை உடைத்து, “ஏரைப் பூட்டுங்கடா” என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சாமிக்கு இது போதுமா என்று மெல்லக் கேட்டேன்.

“வேட்டையில பாதி பாக்கறதுதான் மேடம். மீதிப் பாதிய எங்க தாத்தனுங்க எங்க பங்குக்கும் சேத்து முடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

அன்றைக்கு நான் பார்த்ததற்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் வேறு கொடுத்தது என்பதை மட்டும் தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள்.