பினாங்கில் ஆறாத தையல்

கடந்த மாதம் நான் பினாங்கு சென்றது ஊர் பார்க்க அல்ல. கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையே தேய்ந்துபோன வட்டை, டிஸ்க் என்பார்களே அதை, அகற்றி எலும்புகளை இணைத்துக்கொள்ள. மகன் அங்கே பத்து காவான் என்ற ஊரில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். அவன் ஏற்பாடு. முதுகு நோவுக்கு வயிற்றின் வழியாகப் போவோம் என்று மருத்துவர் சொன்னபோதே எனக்கு ஐயம் பிறந்தது. தொப்புளுக்குக் கீழே, இடப்புறம், நான்கு அங்குல வெட்டு.

ஐந்தாம் நாள் வெளியே அனுப்பினார்கள். மகன் வீடு மருத்துவமனையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆகவே லிட்டில் இந்தியாவுக்கு அருகே, நாளுக்கு நூற்றிருபது வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், அறை எடுத்தேன். நடக்கச் சொல்லியிருந்ததால் தினமும் பத்தரைக்கு வாடகைக் காரில் கடற்கரைக்குப் போவேன். ஓட்டுநர் அறுபதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் தெருவே அவரை ‘நானா’ என்றது. நானும் அப்படியே அழைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை வயிற்றுக் கட்டு மஞ்சளாக நனைந்திருந்தது. மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, கட்டு ஈரமாக இருக்கிறது என்றேன்.

“நானா வருதாம்மா?” என்றாள் தாதி.

பெரியவர் ஒருவரை அஃறிணையில் பேசுகிறாளே! அவர் வருவது இவளுக்கு எப்படித் தெரியும்? ஓட்டுநரும் மருத்துவமனையும் கூட்டு என்று முடிவுகட்டினேன்.

“இன்னும் வரலை.”

“வரலன்னா ஓகே லா. வியாழக்கிழமை வாங்க, போதும்.”

வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது.

பத்தரைக்கு வந்தவரிடம், “ஆஸ்பத்திரியில உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு?” என்றேன். நடந்ததைச் சொன்னதும் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார்.

“அக்கா, மலாய்ல நானாஹ்னா சீழு! புண்ணுல சீழ் வருதான்னு கேட்டிருக்கா. என்னையப் போய் சீழாக்கிட்டீங்களே!” சட்டென்று சிரிப்பு நின்றது. “அப்ப... வருதாக்கா?”

வந்துகொண்டுதான் இருந்தது.

கடற்கரையைக் கைவிட்டு மருத்துவமனைக்கு விரைந்தோம், ஆறு கிலோமீட்டர், இருபது நிமிடம். காய்ச்சல் நூற்றொன்று. மருத்துவர் இரண்டு தையல்களைப் பிரித்தார், சீழ் வழிந்தது. தொற்று தோலுக்கடியோடு நின்றிருக்கிறது, உள்ளே பொருத்திய உலோகத்தைத் தொடவில்லை என்று ஸ்கேனைக் காட்டினார்.

“வியாழன்வரை விட்டிருந்தா?”

“அதான் வந்துட்டீங்களேம்மா.”

அது பதில் அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

புண்ணைத் திறந்தே வைத்து, அடியிலிருந்து மூடவிட்டார்கள். விமானத்தைப் பதினாறு நாள் தள்ளிப்போட்டேன்.

இவ்வகை அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டையே வாங்குங்கள். கட்டு நனைந்தாலோ, வெட்டைச் சுற்றிச் சிவந்து சூடானாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ தொலைபேசியில் விவரித்துக்கொண்டிராதீர்கள். அன்றே நேரில் போய்க் கட்டை அவிழ்த்துக் காட்டுங்கள். அவர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள் என்று நானும் நம்பியிருந்தேன்.