பழனி பார்க்காத மொட்டை

திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரம் ஒரு சின்னப் புத்தர் கோயில். தியானம் கற்றுக்கொள்ள வந்து, பிக்குவின் எதிரே கண்மூடி உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் கேட்டுக் கண் திறந்தால், பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு உள்ளே வருகிறார். பிக்குவின் மழித்த தலையைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"என்னப்பு, பழனியில மொட்டை போட்டுட்டு வாரீகளா? கூட்டம் ரொம்பவா?"

நான் பதறிப்போய், "ஐயா, இவர் புத்த பிக்கு" என்கிறேன்.

"இருக்கட்டுமே. கூட்டம் இருக்கா, இல்லையா?"

பிக்கு மெல்லக் கண் திறக்கிறார். "தெரியலைங்க. நான் பழனிக்குப் போனதே இல்ல."

"அடக் கொடுமையே! இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டா? எந்திரிங்க, போவோம்."

பிக்கு புத்தரை ஒருமுறை பார்க்கிறார். பிறகு என்னிடம், "விளக்கு அணையாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அவரோடு கிளம்பிவிடுகிறார்.

இப்போது புத்தரும் நானும்தான். வாசலில் லாரியை நிறுத்திய டிரைவர் என்னைப் பார்த்து, "சாமி!" என்று கும்பிடுகிறார். வேறு வழி தெரியாமல் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறேன்.