இரண்டு மழைப் படங்கள்

மலேசியாவின் குளுவாங் ஊரில், ஒரு பிரேம் கடையில், இரண்டு மழைப் படங்களுக்கு முன்னால் நின்றிருந்தார் ஒரு அக்கா. ஒன்று, செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய ஐரோப்பிய மழை, ஆயிரம் கோடுகள். மற்றது ஜப்பானிய மரக்கட்டை அச்சு. நாலே கோடு, மீதியெல்லாம் வெறும் சாம்பல் நிறம். மூக்கு இடிக்கும்வரை நெருங்குவார், பின்வாங்குவார், பின்னால் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்த என் காலை மிதிப்பார்.

“இது என்னை மாதிரி, எல்லாத்தையும் சொல்லிடுது. அது எங்க வீட்டுக்காரர். நாலு கோட்டோட சரி.”

“எதைக்கா வாங்கப் போறீங்க?”

“இந்த ஆயிரம் கோட்டைத்தான். பேசாதது ஒன்னு வீட்டுல இருக்கு, போதும் லா!”

வெளியே நிஜ மழை. வாசலில் காத்திருந்த கணவர் குடையை விரித்தார். அதை முழுவதும் மனைவி பக்கம் சாய்த்துப் பிடித்து, தான் நனைந்தபடியே நடந்தார். அக்கா பேசிக்கொண்டே போனார்.

நான் உள்ளே திரும்பி, அந்த நாலு கோட்டை வாங்கிக்கொண்டேன்.