தாளில் எழுதிய கஞ்சா

தம்பி ஆறு நாள் தூங்காமல் இருந்தும் அது நோய் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. ஜப்பான்காரன் ஆட்சி வந்து இரண்டாம் வருடம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அப்போது யார்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்? ஏழாம் நாள் சுவரோடு சண்டை போட்டான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

மனநோயாளிகள் வார்டில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா? போதைப் பழக்கம் உண்டா?"

என் தாய்மாமனுக்கு இதே நோய் இருந்தது. அப்பா கூசாமல், "குடும்பத்துல யாருக்கும் இல்லைங்க. பையன் கஞ்சா குடிப்பான்" என்றார். தம்பி பீடிகூடத் தொட்டதில்லை.

எனக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் வரன் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அந்த மருத்துவமனையில்தான் எழுத்தர். தாள்கள் எல்லாம் அவர் கைக்குப் போகும். தம்பியின் கெட்ட பழக்கத்தைச் சம்பந்தி வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். வம்சத்தில் வரும் பைத்தியத்தைப் பொறுக்கமாட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரத்தில் தம்பி பாதி ஆளாகிவிட்டான். பக்கத்துக் கட்டில்களுக்குப் பரால்டிஹைடு (தூங்க வைக்கும், நெடி மிகுந்த திரவ மருந்து) வந்தது. இவனுக்கு வரவில்லை. டிரஸ்ஸரிடம் கேட்டேன்.

"தாள்ல கஞ்சான்னு இருக்கும்மா. போதை இறங்கினா தானா தூங்கிருவான். மருந்து மத்தவங்களுக்கே பத்தல."

"அவனுக்குப் பழக்கமே இல்லண்ணே. அப்பா பொய் சொல்லிட்டாரு. எங்க மாமாவுக்கும் இதே சீக்குதான்."

அவர் தாளை எடுத்தார். "எழுதவா? எழுதினா ஆபீஸ்ல பாப்பாங்க."

"எழுதுங்க" என்றேன்.

கஞ்சாவின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே தாய்மாமனைப் பற்றி எழுதினார். மருந்து கொடுத்த அன்று தம்பி பதினொரு மணி நேரம் தூங்கினான். மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்தான். கிள்ளானிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. அப்பாவிடமிருந்தும்தான், ரொம்ப நாளைக்கு.

உங்கள் வீட்டில் ஒருவரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், கேட்கிற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் வைத்தியம் நடக்கும்.

அன்று நான் எழுதச் சொன்னது தம்பியைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன். வார்டை விட்டு வெளியே வந்து பாதி வழி நடந்த பிறகே புரிந்தது: அந்த மாமா எனக்கும் தாய்மாமன்தான்.

அன்றிலிருந்து, காலையில் கண் விழித்ததும், வார்டில் நோயாளிகளைக் கேட்பதுபோல், என் பெயரையும் அன்றைய கிழமையையும் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். இரண்டும் சரியாக வந்தால் எழுந்துபோய் அடுப்பு மூட்டுவேன்.