ஜீப்புக்குக் கூடுதலாக இரண்டு பட்டை

வேலை போனதும் தேவிகாபுரத்திலிருந்து ஆரணிக்கு நடந்துகொண்டிருந்தேன். வேலை போவதும் நடப்பதும் எனக்குப் பழக்கம்தான்.

பட்டு முதலாளியின் ஜீப்புக்கு நான்தான் டிரைவர். தினமும் நானும் அவரும் நெசவாளர் வீடுகளுக்குச் சேலை வாங்கப் போவோம். பாதை மோசம். பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டை கூட்டலாம் என்று சொன்னவன் நான். முன்பு நான் ஓட்டிய கல் ஏற்றும் ஜீப்புக்கு அது பொருந்தியிருந்தது. இந்த ஜீப்போ பட்டை கூட்டிய அன்றே, அழுத்தப் பாரமில்லாமல் ஸ்பிரிங் விறைத்து, ஒரு பள்ளத்தில் எகிறி, கிணற்றுச் சுவரை உரசி நின்றது. இருவரும் தப்பினோம்.

“நாம இன்னா கல்லா ஏத்திகினு போறோம்? பட்டுக்கு ஏதுப்பா பாரம்? நீ கெளம்பு” என்றார் முதலாளி.

மறுநாள் காலை ஆரணியில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் வந்தது அதே ஜீப். “தெனமும் இன்னா ஏத்துவீங்க?” என்று கேட்டேன். பட்டு முதலாளி சிரித்துவிட்டார். “இப்பவாவது கேட்டியே, அந்த ரெண்டு பட்டையயும் கழட்டு.”

அன்றிலிருந்து அதைக் கேட்காமல் நான் எந்த வண்டிக்கும் பட்டை கூட்டுவதில்லை.