பன்னிரண்டு மணிக்குப் பின் சொன்ன சம்மதம்

என் வளர்ப்பில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி, சேலத்துக் கால்பந்து அணியொன்றின் தேர்வுக்குச் சென்று வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பயிற்சியாளர் அழைத்தார்.

“புள்ளயச் சேத்துக்கறோமுங்க. பன்னண்டுக்குள்ள சரின்னு சொல்லீருங்க. இல்லீன்னா இடம் அடுத்த புள்ளைக்குப் போயிருமுங்க.”

“இப்பவே சொல்லீருங்க அப்புச்சி,” என்று பேத்தி கெஞ்சினாள்.

“ராகு காலம் கழியட்டும் சாமி,” என்று மறுத்தேன்.

அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் கைப்பேசியை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தாள். பன்னிரண்டு கடந்ததும் அழைத்தேன். இடம் போய்விட்டிருந்தது. மன்றாடியும் பயனில்லை.

பேத்தி அழவில்லை. “அந்தப் புள்ளைக்காச்சும் நல்ல நேரமா இருக்கட்டுமுங்க,” என்றாள்.

இப்போதும் விடியலில் பந்துடன் மைதானத்திற்குச் செல்கிறாள். ஆனால் எதற்கும் என் சம்மதத்தைக் கேட்பதில்லை. கேட்டால், எந்த நேரமாயினும் உடனே தந்துவிடுவேன்.