அடுத்த வாரப் பாட்டு

தபால்காரர் போட்டுவிட்டுப் போகும் கவர்களைப் பிரித்தால் உள்ளே குழந்தைகளின் போட்டோக்கள் இருக்கும். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை, கிருஷ்ணர் வேடத்தில் அழுகிற குழந்தை, பிளாஸ்டிக் போனைக் காதில் வைத்துக்கொண்டு முறைக்கிற குழந்தை. பின்பக்கம் பெயரும் வயதும் தெருவும் எழுதியிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கேக் வெட்டாத பிறந்தநாள் உண்டு. ஆனால் எங்கள் ஊர் கேபிள் டிவியில் ‘பாட்டு அக்கா’ அந்தப் போட்டோவைக் காட்டி, பெயரைச் சொல்லி, ஒரு பாட்டுப் பாடாவிட்டால் பிள்ளைகளுக்கு வயது கூடியதாகவே கணக்கில்லை. நான் அந்த நிகழ்ச்சியின் கேமராமேன். விளக்குப் போடுகிறவனும் நான்தான், பாட்டு ஆரம்பித்ததும் சத்தம் வராமலிருக்க ஃபேனை நிறுத்துகிறவனும் நான்தான்.

அக்காவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. மெஷின் இரைச்சலில் நாளெல்லாம் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. அதிலிருந்து அப்படி ஒரு பாட்டு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாட்டுகளை அவரே கட்டுவார், மில் பஸ்ஸில் வரும்போது. “அய்யலூரு சந்தைக்குப் போன ஆடு, ஆரையும் கேக்காம குடிச்சதாம் சோடா” என்று அவர் கண்ணை உருட்டிப் பாடுவதைப் பார்த்துச் சிரித்து நான் கேமராவை ஆட்டிவிட்ட வாரங்கள் உண்டு. அவர் தெருவில் நடந்தால், “ஏலே, பாட்டு அக்கா போகுதுடா!” என்று பிள்ளைகள் கூட்டம் பின்னால் ஓடும். அந்த நேரத்தில் மட்டும் அவர் தலை கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்திருக்கும். எனக்கும் பெருமையாக இருக்கும், ஏதோ நானே பாடியதுபோல.

சனிக்கிழமை சாயங்காலம் பதிவு, ஞாயிறு காலை ஒளிபரப்பு. எங்களிடம் இருந்தவை நாலே நாலு கேசட். கோயில் விழா, பள்ளி ஆண்டுவிழா, கடைத் திறப்பு எல்லாம் அந்த நாலில்தான் சுற்றிச் சுற்றி வரும். எனவே ஒரு வாரப் பாட்டின் மேலேயே அடுத்த வாரப் பாட்டைப் பதிவு செய்துவிடுவோம். “எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்து வச்சிருங்க தம்பி” என்று அக்கா எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். “அடுத்த வாரம் பாப்போம்க்கா” என்பேன். அது என் வாயில் ஊறிப்போன பதில்.

பிறகு பெரிய சேனல்களில் கார்ட்டூன்கள் தமிழ் பேச ஆரம்பித்தன. எங்கள் அலமாரியில் கவர்கள் குறைந்தன. முதலாளி நிகழ்ச்சியை நிறுத்தினார். கடைசி வாரம் அக்கா ஃபேன் போடச் சொல்லி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இதையாச்சும் அழிக்காம வைங்க தம்பி” என்றார். சத்தியமாக வைத்தேன். கேசட் மேல் அவர் பெயரை எழுதித் தனியாகத்தான் வைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு கோயில் ஊர்வலம். சாமி பாதித் தெருவில் வரும்போது கேசட் தீர்ந்துபோனது. ஸ்டுடியோவுக்கு ஓடினேன். மற்ற மூன்றும் நிரம்பியிருந்தன. அக்கா பெயர் எழுதியதை எடுத்துக் கேமராவில் போட்டேன். ஊர்வலம் நிற்காது என்பதுதான் அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

போன வருடம் அக்காவின் மகள் என்னைத் தேடி வந்தாள். நிகழ்ச்சி நின்று, அக்கா பாட்டையே விட்டுவிட்ட பிறகு பிறந்தவள். அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேச்சு வெறும் காற்றாகிவிட்டிருந்தது. “அம்மா பாடுனத நான் ஒருவாட்டிகூட ஒழுங்கா கேட்டதில்ல மாமா. உங்ககிட்ட ஒண்ணாச்சும் இருக்குமா?” என்றாள். நான் தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தேடினேன். நாற்பதை நெருங்குகிறவர்கள் பலரும் அக்காவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து பாடிக் காட்டினார்கள். கேசட்தான் யாரிடமும் இல்லை. கடைசியில், நாகல் நகரிலிருந்து கொடைரோட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம், டிவியிலிருந்து பதிவு செய்த கேசட் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது. அதைக் கடையில் கொடுத்து மாற்றி, அக்காவோடு சேர்ந்தே பார்க்கலாமென்று என் போனில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

போன் திரையில், மஞ்சள் சேலையில் அக்கா. கையில் மொட்டைக் குழந்தையின் போட்டோ. “நம்ம பாப்பாவுக்கு இன்னிக்கி மூணு வயசு! பாடுவமா?” மைக்கை இழுத்து வாயைத் திறக்கிறார். சட்டென்று படம் மாறி, கேசட் தந்தவர்கள் வீட்டுக் காதுகுத்து. அவர்களுக்குத் தங்கள் பிள்ளை வந்த இடம் மட்டும் போதுமாக இருந்திருக்கிறது. மீதியின் மேல் காதுகுத்தை எடுத்துவிட்டார்கள். மகள் திரும்பத் திரும்ப அந்தத் திறந்த வாயில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “எல்லாத்தையும் நாந்தான்க்கா வாரா வாரம் அழிச்சேன்” என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து அருகில் இழுத்தார். காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும். “அத அழிச்சாத்தான தம்பி அடுத்த வாரம் நான் பாட முடியும்?” என்றார். என்னைத் தேற்றிவிட்ட திருப்தியில் சிரிக்கவும் செய்தார்.

கடைசி வாரத்துக் கேசட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.